கெ ச்சூ என்ற பெரிய சொல்

இன்னொரு தடவை அந்தச் சொல் வந்தது. கெ ச்சூ. முதல் பாதி தொண்டைக்குள் எதையோ விழுங்கப் போய்ப் பாதியில் நின்றது போல, மறுபாதி பல்லிடுக்கில் ஊதித் தள்ளியது போல. அதைச் சொல்லும்போது ஷர்வீனா தலையை ஒரு தூக்கு தூக்குவாள். தூக்கியதும் சீப்பு சிக்கில் மாட்டும். மாட்டியதும் "ஸ்ஸ், அம்மா" என்று முகத்தைச் சுளிப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லாமல் மறுபடி முதல் வரிக்கே போய்விடுவாள். அடுப்படியில் குட்டை நாற்காலியில் மகள், அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் தவமலர், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அந்தச் சின்ன முதுகு, வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படாதிருக்கத் தோளில் ஒரு பழைய துண்டு. மேசையில் தனபாலன் பசியாறிக்கொண்டிருந்தான். நேற்று மிஞ்சிய சோற்றை நெத்திலி போட்டுப் பிரட்டியது, மேலே பொரித்த முட்டை. ஒரு வாரம் குவாந்தான் பக்கம் லோரி ஓட்டிவிட்டு நேற்றுச் சாயந்திரம்தான் வந்திருந்தான், ஆகையால் இந்தப் பேச்சை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறான். கேட்கிறானா? தாடை ஒரே சீராக அசைகிறது. லோரி யார்டில் பேசுகிற ஹொக்கியன் சீனம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பள்ளிக்கூடத்து மாண்டரின் எவ்வளவு புரியும் என்று தவமலருக்குத் தெரியாது. அவனுக்கு எதெல்லாம் புரியும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. இன்றைக்குப் போட்டி. சீனப்பள்ளி மண்டபத்தில், மேடையில், மைக் முன்னால். வீட்டில் ஒழிக்க வேண்டிய ஒரு பழக்கம் என்று தலைப்பாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் தேர்ந்தெடுத்த ஒரே இந்தியப் பிள்ளை இது. பரிசு கொடுக்கப்போகிறவர் தனபாலனுடைய தவுக்கே, லோரி முதலாளி. பள்ளி வாரியத்தில் அவர்தான் பெரிய தலை. நேற்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான், "லோரிய சடக்கோரமா போட்டுட்டு நானும் வந்து நிக்கப்போறேன் பாரு, தவுக்கே பக்கத்துல." கேட்டதும் தவமலருக்கு அவன் வராமலிருந்தால் தேவலை என்றிருந்தது. ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால்தான் பின்வீட்டுச் சீனத்தி பெக் ஹா ஆண்ட்டி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லியிருந்தாள்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் சந்தோஷமாகப் பின்னிக்கொண்டிருப்பாள். ஒரு வாரமாக அந்தச் சொல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, குளியலறையில், கட்டிலில், வேனுக்குக் காத்திருக்கும்போது வாசல் கேட்டுப் பக்கத்தில். மகள் ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் குரலை உயர்த்துவாள். அர்த்தம் தெரியாமலேயே தவமலருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது, சாமி ஊர்வலத்தில் மேளம் ஏறுகிற இடம் மாதிரி. துணி காயப்போடும்போது தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மகள் வாயில் மணியாக விழுவது அவள் வாயில் எச்சிலாகத் தெறித்தது. பின்சந்தில் அந்தப்பக்கக் கம்பியில் பெக் ஹா ஆண்ட்டி புருஷனுடைய கால்சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசுவது மலாயில், இருவருக்குமே அது அரைகுறை. அதனால்தான் அவளிடம் மட்டும் தவமலருக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. "ஆண்ட்டி, கெ ச்சூன்னா என்னா? தூக்கிப் போடறதா?" ஆண்ட்டி கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "இல்லலா. தூக்கிப் போடறது மீன் குடல. இது பெரிய சொல்லு. பேப்பர்ல வரும், மீட்டிங்ல வரும், வீட்டுல யாரு பேசுவா? சிகரெட்ட கெ ச்சூ பண்ணுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா சிரிச்சே மண்டையப் போட்டுருவாரு." பிறகு யோசித்துச் சொன்னாள், நாள்பட்ட பழக்கம், கெட்டது, ஆனால் எல்லாரும் சரி என்று செய்துகொண்டிருப்பது, அதை இனி இல்லை என்று வேரோடு எடுத்துவிடுவது. "யாரு எடுக்கறது ஆண்ட்டி?" "யாரா? முந்தி ராஜா. அப்புறம் கவர்மெண்டு. இப்போ பள்ளிக்கூடம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தவள் எதற்காகவோ தன் அம்மாவின் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள், சீனாவில் இருக்கும்போது பாதம் வளராதபடி சின்ன வயசிலேயே துணியால் இறுக்கிக் கால் கட்டின பொம்பளை, பாதம் இவ்வளவுதான், ஒரு குட்டி வாழைப்பூ. அதிகாரிகள் வீடு வீடாக வந்து அவிழ்க்கச் சொன்னார்களாம். கெ ச்சூ. அவிழ்த்த பிறகுதான் ரொம்ப வலியாம். மடிந்த எலும்பு மடிந்தபடியே நின்றுவிட்டது, துணியின் பிடிமானமும் போய்விட்டது. கட்டியிருந்தபோது நடந்தவள் அவிழ்த்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போனாளாம். இதை ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று தவமலர் நினைத்து முடிப்பதற்குள் ஆண்ட்டி கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "உன் பொண்ணு நல்லா பேசுது. ஜன்னல் வழியா எல்லாம் கேக்குது. ஆனா மலர், வேற தட்டு எடுத்துக்கோ. வீட்டுல தட்டா இல்ல?"

அப்போது தவமலர் சிரித்தாள். வெட்கம் வந்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும், மூக்கு வியர்க்கும், கை எதையாவது பிடித்துக்கொள்ளும். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆண்ட்டி நல்லவள், ஒன்றுவிடாமல் சொன்னாள், கேட்டால்தான் நல்லது என்பதுபோல. மகள் பேச்சு இதுதான்: எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அம்மா எப்போதும் அப்பா சாப்பிட்டு வைத்த தட்டிலேயே சாப்பிடுகிறார். அந்தத் தட்டைக் கழுவுவதில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அம்மா அதிகம் படிக்காதவர், அதனால் இது அவருக்குத் தெரியாது. நான் அவருக்குக் கற்றுக்கொடுப்பேன். இந்தப் பழக்கத்தை நாம் கெ ச்சூ செய்ய வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் ஒரு வாரமாகப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு மகள் சொல்லிக்காட்டியபோது கைதட்டக்கூடச் செய்தாள். பிள்ளையும் மறைக்கவில்லையே, அம்மா முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், அம்மாவுக்குப் புரியாது என்பதும் அம்மா என்பதும் அவளுக்கு ஒன்றுதான். இப்போதும் இதோ, முதல் வரி. வோ மாமா. என் அம்மா. அது மட்டும் தெரியும். வோ மாமா என்று வரும்போதெல்லாம் உச்சி வகிட்டில் சீப்பின் முனை கோணுகிறது. நேராக எடு, நேராக. லாவ் ஷிக்கு வகிடு நேராக இருக்க வேண்டும். லாவ் ஷி, அந்த ஒல்லி டீச்சர், பெற்றோர் நாளில் தூணுக்குப் பின்னால் நின்றவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கியவள். டீச்சர் ஏதோ சொன்னாள், உங்களப் பத்தி ஸ்பெஷலா ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா என்று மகள் சொன்னாள், தவமலர் சிரித்தாள். அந்த டீச்சருக்கும் அப்போதே தெரியும். குலுக்கும்போது கையைப் பார்த்தாளே, நகத்தைப் பார்த்தாளா?

படிக்காதவர். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைத் தோட்டத்துப் பள்ளியில் கண்டும் காணாமல் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், தோட்டத்தை விற்று ஆட்களைக் கலைத்ததும் தாமானுக்கு, இந்த வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தார்கள், தாமான் பள்ளியில் பத்திரம் கேட்டார்கள், முடிந்தது. அ எழுதத் தெரியும், வேன்காரர் பேர் எழுதத் தெரியும், மருந்துச் சீட்டில் எந்த வேளைக்கு என்று எழுத்துக்கூட்டத் தெரியும். கிருமி இருப்பதும் தெரியும்தான். யாருக்குத் தெரியாது? கையைக் கழுவடி, காலைக் கழுவடி என்று இந்தப் பிள்ளையை வளர்த்தது யார்? படிக்காததால் இல்லை ஷர்வீனா, படிக்காததால் இல்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கு மாமியார், புண்ணியவதி, இப்போது இல்லை, பீங்கான் தட்டைக் காட்டி, "அவன் எந்திரிச்சதும் அதுலயே போட்டுக்க, வேற தட்டு எடுத்தா வேற வீடு தேடறவன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்குப் போட்டுக்கொண்டாள். தட்டின் ஓரத்தில் அவன் விரலால் வழித்த தடம், முருங்கைச் சக்கை, மென்று துப்பின கறிவேப்பிலை. அதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு நடுவில் சோறு போட்டுக்கொண்டாள். முதல் கவளத்தில் குமட்டியது. மூன்றாம் நாள் குமட்டவில்லை. குமட்டாமல் போனதுதான், இப்போது நினைத்தால், அதுதான். எதைப் பழகினோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழகிவிடுகிறது. பிறகு அந்தத் தட்டு பேச ஆரம்பித்தது. வாயைத் திறந்து அதிகம் பேசாத மனுஷன், எதைச் சொல்ல வேண்டுமோ அதைத் தட்டில் வைத்துவிட்டுப் போவான். நல்ல நாளில் பாதி முட்டை இருக்கும், மீனென்றால் வயிற்றுத் துண்டு, முள் எடுத்தது. மகள் பிறந்து பச்சை உடம்புக்காரியாக இருந்தபோது ஒரு மாதம் தினமும் கருவாடு வைத்துவிட்டு எழுந்தான், சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறாள், வாழ்க்கையில் ருசி என்றால் அதுதான் என்று. சீ. என்ன பிழைப்பு. எச்சிலில் கிடந்ததைப் பார்த்து அழுதவளுக்கு மைக் வைத்து ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பிள்ளைக்கு அதுவும் தெரியாது, மற்றதும் தெரியாது. கோபம் வந்தால் தனபாலன் கை ஓங்குகிற ஆள் இல்லை. லோரிக்காரர்களில் அவனைப்போல உண்டா என்று அவன் அக்காள் இன்றைக்கும் சொல்வாள். கோபம் வந்தால் பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் செம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவான். அவ்வளவுதான். சோறு மிதக்கும், எண்ணெய் மிதக்கும், மஞ்சள் தண்ணீரில் வெங்காயம் சுற்றும். அந்தத் தட்டில் சாப்பிட முடியாது, வேறு தட்டு எடுக்கவும் கூடாது. அவன் ஒன்றுமே சொல்லவில்லை, ஒன்றுமே செய்யவில்லை, கை கழுவினான், கை கழுவுவது குற்றமா? கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தாளே, அன்றைக்கு. தன் தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் போகட்டுமா என்று கேட்டாளே, அந்த வாரம் பூராவும். மகள் வந்து, "அம்மா நீங்க சாப்பிடல?" என்றால், "பசிக்கலடா." துணி தோய்க்கிற இடத்தில் நின்றுகொண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்பாள், மொறுக்கென்ற சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று. இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? மகளே, நீ ஒழிக்கச் சொல்கிற தட்டு நல்ல தட்டு. அந்தத் தட்டு கிடைக்கிற நாள் நல்ல நாள். உன் பேச்சில் ஒரு அம்மா இருக்கிறாள், ஒரு தட்டு இருக்கிறது, கிருமி இருக்கிறது, அப்பா எங்கே? அப்பா சாப்பிட்டார், போய்விட்டார். மிச்சம் இருப்பது அழுக்கும் அம்மாவும். பெரிய சொல் வந்து நிற்கிற இடத்தைப் பார், அது மேசைக்கு மேலே வரவில்லை, நேராகத் தரைக்கு வந்துவிட்டது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவளிடம்.

"வலிக்குதும்மா." சரி சரி. விரலால் சிக்கைப் பிரித்தாள். நல்ல முடி, அவள் முடி, தொட்டால் கயிறு. என்ன செய்யலாம்? யோசி. இரவெல்லாம் யோசித்தாயிற்று, இன்னும் சீப்பு ஓடுகிற நேரம்தான் பாக்கி. தடுக்கலாம். இதைச் சொல்லாதே, வேறு சொல் என்று இப்போதே காதில் சொல்லலாம். பிள்ளை ஏன் என்று கேட்கும், அதுவும் சத்தமாக. சீனப்பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். தடுக்காமல் விடலாம். விட்டால் மண்டபத்தில் தவுக்கே பக்கத்தில் தனபாலன் கைகட்டி நின்றுகொண்டிருப்பான், பாதி புரியும், மீதியைத் தவுக்கே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்போது புரிந்துகொள்வான். ஓ, உன் வீட்டில் இப்படியா? அந்தச் சிரிப்பு போதும். அவன் அங்கே ஒன்றும் பேசமாட்டான். வீட்டுக்கு வந்தும் பேசமாட்டான். தட்டில் தண்ணீர் ஊற்றுவான், எத்தனை நாளைக்கோ. அதைத் தாங்கிக்கொள்ளலாம், பிஸ்கட் இருக்கிறது. ஆனால் பாசிர் கூடாங், அவன் அக்காள் வீடு? போன தீபாவளிக்கு அவன் அக்காள் வந்தபோது ஷர்வீனா நடுவில் புகுந்து, "அத்தை, பெரியவங்க சொன்னா எல்லாம் கரெக்டா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவன் நிதானமாகச் சொன்னான், "இன்னொரு வாட்டி இந்த வாய் நீண்டுச்சுன்னா சீனப்பள்ளி போதும். அக்கா வீட்டுல விட்டுடுவேன், அங்க இருக்கற பள்ளில படிக்கட்டும்." சொன்னால் செய்கிற ஆள். அக்காள் வீட்டில் பெண்பிள்ளை என்றால் வேலைக்காரி. இந்த முடியை யார் பின்னுவார்கள், வெட்டிவிடுவார்கள். இந்த முதுகு, துண்டுக்குக் கீழே கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொள்கிற இந்த முதுகு, இந்த இரண்டு முழங்காலுக்கு நடுவில் இராது. அதுதான் பயம். வெட்கம்கூட இல்லை, வெட்கம் பழகிவிடும். காய்ச்சல் என்று சொல்லிப் போகவிடாமல் நிறுத்தலாமா? நெற்றி சில்லென்று இருக்கிறது. தானே எழுந்து போய் இப்போது வேறு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காரலாமா, இந்தா பார் மகளே, ஒழித்தாயிற்று, இனி பேச ஒன்றுமில்லை என்று? அலமாரியில் தட்டுகள் அடுக்காக இருந்தன, விருந்தாளிக்கு.

"என்னாவாம் அது, அடிக்கடி கெ ச்சூ கெ ச்சூன்னு?" தனபாலன்தான். தலை நிமிரவில்லை, மிளகாய்ச் சம்பலை வழித்துக்கொண்டே கேட்டான். சீப்பு நின்றது. ஷர்வீனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஒரு வாரமாக அப்பாவுக்காகவே பொத்தி வைத்திருந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா அந்த வர்ட்?" "தெரியாமயா? யார்டுல செவப்புத் துணில எழுதிப் போட்டுருக்கான், தவுக்கே மகன். ஆஸ்திரேலியாவுல படிச்சுட்டு வந்தான்ல. பழைய கெட்ட பழக்கத்த எல்லாம் ஒழிக்கிறானாம். மத்தியானம் லோரிக்கடியில பாய் போட்டு ஒரு தூக்கம் போடுவோம், தெரியும்ல? நானும், கூட லோரி ஓட்டற பெரிய அஹ் கோங்கும். அது கெட்ட பழக்கமாம். கெ ச்சூ. டீ குடிக்க வண்டிய நிறுத்தறது, கெ ச்சூ. அவன் ஏர்கான்ல சாஞ்சு கெடக்கானே, அது கெட்ட பழக்கத்துல வராது." அவன் சிரித்தான், சிரிப்பில் ஒரு பருக்கை பறந்து மேசையில் விழுந்தது. "நல்லா கேட்டுக்கம்மா. மேல உள்ளவன் கீழ உள்ளவனப் பாத்துச் சொன்னாத்தான் அது கெ ச்சூ. கீழருந்து நான் மேல பாத்துச் சொல்லிப் பாரேன், அன்னிக்கே வேல போயிரும்." தவமலர் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. லோரிக்கடியில் பாய் போட்டுப் படுப்பான் என்பதும் தெரியாது. பாயில்லாமல் இப்போது மத்தியானத்தில் என்ன செய்கிறான், ஸ்டீரிங்கில் தலை வைத்துக்கொள்வானா? ஒரு கணம் நெஞ்சு அவன் பக்கமாகச் சாய்ந்தது. அவனுக்குத் தெரிகிறது. கீழே இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிகிறது. அப்படியானால் சொன்னால் புரியும், இப்போது, இந்த நிமிஷத்தில், அந்தச் சிரிப்பு காய்வதற்குள் பிள்ளையே சொல்லட்டும், ஒருவேளை அவன்... "அப்போ அப்பா," என்று ஷர்வீனா நாற்காலியில் முழுசாகத் திரும்பினாள், "உங்களுக்கும் தெரியுதில்ல, அப்போ அம்மாவோட த..."

கை இழுத்துவிட்டது. அவள் இழுக்கவில்லை, கைதான், பின்னலை வேரோடு பிடித்து ஒரு சுண்டு. சொல் பாதியில் அறுந்து, பிள்ளை வீலென்று கத்தியது. அந்தக் கத்தலில் தவமலருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா. பிறகுதான் விரல்களுக்கிடையில் முடி பார்த்தாள். நீளமான முடிகள், நுனியில் வெள்ளைப் புள்ளி. "என்னா மலரு இது? பைத்தியமா? போட்டிக்குப் போற புள்ளய!" தனபாலன் சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தேவிட்டான். "சிக்கு," என்றாள். "சிக்கு விழுந்திருந்துச்சு." ஷர்வீனா உச்சியைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். "எப்பவும் இப்படித்தான் இழுக்கறாங்க! தெனமும்!" தினமும் இல்லை. இன்றைக்குத்தான். ஆனால் தினமும் இழுத்தவள் மாதிரியே உட்கார்ந்திருந்தாள். அவன் இடக்கையால் மகளை அணைத்து முதுகில் தட்டினான், அவளைச் சமாதானம் செய்ய என்ன சொல்லலாம் என்று தேடினான், கிடைத்துவிட்டது. "அழாத அழாத. இதத்தான்டா மொதல்ல கெ ச்சூ பண்ணணும். என்னா? இதச் சொல்லு மேடையில. அம்மா தல சீவறேன்னு புள்ள மண்டையப் பிச்சு எடுக்கறாங்கன்னு." விம்மலுக்கு நடுவில் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. அந்த யோசனை தவமலருக்குத் தெரியும். எது சொன்னால் கைதட்டுவார்கள் என்று பார்க்கிற யோசனை, கெட்டிக்காரப் பிள்ளை. "நெசமாவா அப்பா? லாவ் ஷி சொன்னாங்க, எல்லாரையும் சிரிக்க வச்சா மார்க் கூட வரும்னு. நான் வச்சிருந்தது சிரிப்பே இல்ல." "வச்சிருந்தது என்னா?" "அது... அது ஹைஜீன். போரிங்." "அதத் தூக்கிப் போடு. இத வையி." ஷர்வீனா ஒரு வரி சொன்னாள், மாண்டரினில். அவன், அப்படி இல்லை என்று வேறொரு சொல் சொன்னான், அவள் அதைத் திருத்தினாள், "அது ஹொக்கியன் அப்பா!" இருவரும் சிரித்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து இப்படி ஒரு வேலை செய்து அவள் பார்த்ததில்லை. வோ மாமா வந்தது. கெ ச்சூ வந்தது. நடுவில் அவன் தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்து, கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து ஒரு முகம் காட்டினான். அது நான், என்று தவமலர் நினைத்தாள். அந்த முகம் மேடையில் ஏறும். தவுக்கே வயிறு குலுங்கச் சிரிப்பார். தனபாலன் பக்கத்தில் நின்று, என் பெண் என்பான். பெக் ஹா ஆண்ட்டி ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருப்பாளா? கேட்டால் என்ன நினைப்பாள், அவிழ்த்துவிட்டார்கள் என்றா?

பள்ளிக்கூடம் நின்றுபோகாது. பாசிர் கூடாங் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. அவளே இழுத்த இழுப்பில் கிடைத்தது. மற்றப் பின்னலை அவள் போட வரும்போது ஷர்வீனா தோளைச் சுருக்கிக்கொண்டாள், ரொம்பக் கொஞ்சமாகத்தான், ஆனாலும் சுருக்கிக்கொண்டாள். தவமலர் முடியைத் தொடாமல் தொட்டுப் பின்னினாள். தொளதொளவென்று வந்தது, ரிப்பன் நிற்கவில்லை. தனபாலன் கையைத் தொட்டியில் கழுவினான். சந்தோஷமாக இருக்கிறான் என்று அதிலேயே தெரிந்தது. தட்டை அவள் பக்கமாக நகர்த்தி, "முக்கால் முட்டை இருக்கு, தின்னு" என்றான், வாயைத் திறந்தே சொன்னான். ஷர்வீனா அந்தத் தட்டைப் பார்த்தாள். ஒரு வாரம் அதையே பேசிப் பேசிக் கிருமி பார்த்த கண், இப்போது அதன்மேல் பட்டு, ஒன்றும் இல்லாததுபோல் தாண்டிப் போய் ஷூவைத் தேடியது. அது இப்போது அவள் பேச்சில் இல்லாத தட்டு. வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். பையை மாட்டிக்கொண்டு ஓடிய பிள்ளை கேட்டருகே போய் என்னவோ நினைத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்தது. உட்கார்ந்திருந்தவளின் முழங்காலில் கை வைத்து, பெரிய மனுஷி மாதிரி கன்னத்தைத் தடவியது. "அம்மா, கவலப்படாதீங்க. உங்கள அப்படியே விட்டுட மாட்டேன். கடைசி வரியில எங்கம்மா இப்போ திருந்திட்டாங்கன்னு சொல்லித்தான் முடிப்பேன்."

"சரிடா," என்றாள் தவமலர். "மறக்காம சொல்லு."